என்பாரும் உளர்

மாணவர் சந்திப்பின்போது
கதவு திறந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி.
எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது
அதே கதவில் ஒட்டியிருக்கும் தீத்தடுப்பு விதி.
இரண்டுக்கும் நடுவே, தரையில்,
விலைபோகாமல் பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்த
என் ஆய்வுநூலின் ஒரு பிரதி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கெட்டி அட்டை.
அபெரிஸ்ட்வித்தின் கடற்காற்றுக்குச்
சரியான கனம்.

எலுனெட் இன்று நாற்பது நிமிடம் தாமதம்.
டிரகாரனுக்கு அப்பால் மலைப்பண்ணை;
மார்ச் மாதம்; ஆடுகள் ஈனும் பருவம்.
மூன்றாம் இயலை இரவு இரண்டரைக்கு அனுப்பியிருந்தாள்,
கொட்டகையிலிருந்து, கைபேசியில்.
"ஒன்று தலைகீழாக வந்துவிட்டது, மன்னிக்கவும்."
இயலைச் சொல்கிறாளா குட்டியையா என்று
காலைத் தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.

நவீன இலக்கியம் என்று பெயர்ப்பலகை சொல்கிறது.
அடுத்த ஆண்டு இந்தத் துறை இருக்குமா என்பது
வேறொரு கூட்டத்தின் பொருள்.
இப்போதைக்கு நாங்கள் இருவர், ஒரு நாவல்.
அதன் கடைசிப் பக்கத்தில் ஒருத்தி எழுந்து போய்க்
கதவைச் சாத்துகிறாள்.
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்
அதைத் துறவு என்று எழுதினேன்.
உலகத்தை வெளியே நிறுத்திய கை என்று எழுதினேன்.
பதவி உயர்வு வந்தது.
வகுப்பில் அந்த வாக்கியத்தை நானே மேற்கோள் காட்டி
நானே சற்று மௌனம் காத்ததும் உண்டு.

அடிக்குறிப்பு அறுபத்தொன்று.
பொடி எழுத்து.
ஒன்பது பக்கம் முன்னால் அடுப்பு மூட்டுகிறார்கள்,
அடுப்பருகே ஒரு மரப்பெட்டி,
பெட்டியில் குளிரில் விறைத்த ஆட்டுக்குட்டி, என்கிறாள்.
அப்புறம் அதை யாருமே குறிப்பிடுவதில்லை.
குட்டி உள்ளே இருக்கும்போது
கதவை எவரும் திறந்து வைப்பதில்லை, என்கிறாள்.

நாற்பது முறையாவது படித்திருப்பேன்.
அடுப்பு தெரியும். பெட்டி தெரியாது.

அவள் எழுதியது ஆங்கிலம்.
எனக்குக் கேட்டதோ பழைய உரைகாரர்களின் குரல்:
என்பாரும் உளர்; அது பொருந்தாமை அறிக.
கல்லூரியில் அதை மனப்பாடமாய் ஒப்பித்த நாளில்
அந்த 'உளர்' யாரென்று நான் கேட்டதில்லை.
பேர் ஊர் இல்லாமல், மறுக்கப்படுவதற்கென்றே
எத்தனை நூற்றாண்டாக அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்!
இன்று கொஞ்சம் நகர்ந்து
எனக்கு இடம் விடுகிறார்கள்.

ஓரத்தில் 'சான்று?' என்று பென்சிலால் எழுதினேன்.
அழித்தேன்.
'இது வாசிப்பா, பண்ணை அனுபவமா?'
அதையும் அழித்தேன். காகிதம் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.
பிறகு, அவள் போட்டிருந்த மூன்று 'ஒருவேளை'களையும் அடித்துவிட்டு
அடிக்குறிப்பை மேலே கொண்டுவா என்று அம்பு வரைந்தேன்.
என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
திருத்தவில்லை.

வந்தாள். கம்பளிச்சட்டைக் கைநுனியில் அயோடின் கறை.
அம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்குக் கோபம் இல்லையே?"
"வாக்கியங்கள் நீளம்" என்றேன்.
அரைமணி நேரம் வாக்கியங்களை வெட்டினோம்.
அரைப்புள்ளி ஒன்றுக்காகச் சண்டைகூடப் போட்டோம்;
அவள்தான் ஜெயித்தாள்.

போகும்போது என் நூலைக்
காலால் மெல்ல ஒதுக்கினாள்.
"உள்ளே குளிருதே" என்று
கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ரேடியேட்டர் இரண்டு முறை முனகியது.
அந்தப் பெட்டியில் இருந்தது பிழைத்ததா என்று
நாவல் சொல்லவில்லை.
எலுனெட்டைக் கேட்டிருக்கலாம்.
நேற்றிரவு தலைகீழாக வந்ததே,
அதைப் பற்றியும்.